ஆலாக்காரன் வாசித்த கடிதம்

நம் ஓய்வூதியக்காரர் சங்கத்தில், ஒவ்வொருவரும் தங்கள் சின்ன வயதைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரவேண்டும் என்று தீர்மானித்த அன்று, தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று எழுந்து போனவள் நான். பிறகு நீங்கள் எழுதியவற்றை எல்லாம் வாசித்தேன். எல்லோரும் நல்ல பிள்ளைகளாய்த்தான் இருந்திருக்கிறீர்கள். அயல்வீட்டு மாங்காய் களவெடுத்ததுதான் ஆகப் பெரிய பாவம். அதையும் சிரித்துச் சிரித்து எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படிச் சிரித்து எழுத ஒன்றும் இல்லை. இப்போது எழுதாமல் விட்டால் இனி எழுதமாட்டேன் என்று தெரிந்ததால் எழுதுகிறேன். கண்ணும் மங்கிக்கொண்டு வருகிறது.

எனக்கு அப்போது பத்து வயது. தலைமன்னார்ப் பக்கத்தில் நாற்பது ஐம்பது வீடுகள், ஒரு கோயில், ஒரு பள்ளிக்கூடம், கருவாடு காயும் மணல்வெளி, இவ்வளவுதான் எங்கள் ஊர். கரையிலிருந்து வள்ளத்தில் அரை மணித்தியாலம் போனால் ஒரு மணல் தீடை. மரம் இல்லை, குடிநீர் இல்லை. கொஞ்சம் அடம்பன் கொடி, கிழக்கு முனையில் ஒரு மரச் சிலுவை. வைகாசி பிறந்தால் அந்தத் தீடைக்கு ஆலாக்கள் வரும். ஆலா உங்களுக்குத் தெரியும்தானே, வெள்ளை உடம்பும் தலையில் கறுப்புத் தொப்பியும் உள்ள கடற்பறவை. கணக்கில்லாமல் வந்து, கூடு கட்டாமல் வெறும் மணலிலேயே முட்டையிடும். அரசாங்கம் அந்தத் தீடையைப் பறவைச் சரணாலயம் என்று அறிவித்து, அதைக் காவல் காக்க ஒரு வாச்சரையும் வைத்தது. அந்த வாச்சர் என் அப்பா.

ஒரு காக்கிக் காற்சட்டை, ஒரு விசில், பறவைக் கணக்கெழுத ஒரு கொப்பி, இவைதான் மன்னாரிலிருந்த அரசாங்கக் கந்தோர் அப்பாவுக்குக் கொடுத்தவை. மற்றதெல்லாம் அவரே செய்துகொண்டார். பனைநாரில் கயிறு திரித்து, தடிகள் நட்டு, கயிற்றில் அம்மாவின் பழைய சேலைக் கிழிசல்களைக் கட்டி, தீடையைக் குறுக்கே பிரித்தார். மேற்குப் பக்கம் ஆலாக்களுக்கு. சிலுவை நின்ற கிழக்குப் பக்கம் மனிதர்களுக்கு. பார்க்க வருகிறவர்களை விடியற்காலையிலோ பின்னேரம் நாலு மணிக்குப் பிறகோதான் கூட்டிப்போவார். ஒரு தரத்துக்கு ஆறு பேர். கயிற்றுக்கு இந்தப் பக்கம் குந்தியிருந்து, சத்தம் போடாமல் பார்க்கவேண்டும். அப்பா கையைத் தூக்கினால் எழும்பிவிட வேண்டும். கொழும்பிலிருந்து இவ்வளவு தூரம் வந்து பத்து நிமிடம்தானா என்று முகத்தைச் சுளிக்காதவர்கள் குறைவு.

ஒருமுறை மன்னாரிலிருந்து கோட்டில் வழக்குப் பேசுகிற ஒரு அப்புக்காத்தர் குடும்பத்தோடு காரில் வந்தார். உச்சிவெயில் நேரம். இப்போதே தீடைக்குப் போகவேண்டும் என்றார். அப்பா முடியாது என்றார். அப்புக்காத்தரின் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது.

"நாங்கள் என்ன முட்டையைத் திங்கவோ வந்தனாங்கள்? எட்ட நிண்டு பாத்திட்டு வரப்போறம்."

"அம்மா, குறை நினைக்காதேங்கோ," என்றார் அப்பா. "இந்த நேரத்திலை அது முட்டைக்குச் சூடு குடுக்க இருக்கேல்லை. நிழல் குடுக்க இருக்குது. நீங்கள் கிட்டப் போனால் எழும்பிப் பறந்திடும். பிறகு முட்டை மணலிலை அவிஞ்சு போடும். நாலு மணிக்கு வாங்கோ, நானே கூட்டிக்கொண்டு போறன்."

அவர்கள் காத்திருக்கவில்லை. காருக்குள் என் வயதில் ஒரு பெட்டை, காலில் வெள்ளைச் சப்பாத்தும் மேசும் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தபடி இருந்தாள். நான் அப்பாவுக்குப் பக்கத்தில் வெறுங்காலோடு நின்றேன். இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன். இந்த மனிசன் ஏன் எல்லோரோடும் இப்படி மல்லுக்கட்டுகிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அவர் மல்லுக்கட்டவே இல்லை, கையைக் கட்டிக்கொண்டுதான் பேசினார் என்பது இப்போதுதான் தெரிகிறது.

ஊரில் அப்பாவுக்குப் பெயர் ஆலாக்காரன். மற்ற ஆம்பிளைகள் கடலுக்குப் போய் மீனோடு வந்தார்கள். அப்பா கடலுக்குப் போய் கொப்பியோடு வந்தார். முன்னெல்லாம் தீடைக்குப் போய் வாளி வாளியாய் முட்டை அள்ளிவந்தவர்களுக்கு அவர் மேல் தீராத கடுப்பு. "கொப்பர் இண்டைக்கு அடை கிடக்கப் போகேல்லையோ?" என்று அப்பாவைச் சொல்லி என்னைக் கேட்பார்கள். பள்ளிக்கூடத்திலும் அதே கதை. சம்மாட்டியாரின் மகள் என் பக்கத்தில் ஒரே வாங்கில்தான் இருந்தாள். அவளுடைய அப்பாவுக்கு ஐந்து வள்ளமும் கரைவலையும் இருந்தன. ஊரில் பாதிப் பேர் அவரிடம்தான் வேலை. அவள் என்னோடு சேர்கிற நாள் எனக்கு நல்ல நாள், சேராத நாள் கெட்ட நாள். வெட்கக்கேடு, ஆனால் அப்படித்தான் இருந்தேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அப்பாவின் வேலை நிரந்தரம் இல்லை. அரசாங்க வேலையில் நிலைக்கவேண்டுமானால் சிங்களம் வாசிக்கத் தெரிந்திருக்கவேண்டும் என்று சட்டம் வந்த காலம் அது. நம்மில் எத்தனை பேருடைய தகப்பன்மார் அந்தப் பரீட்சைக்குப் பயந்து வேலையை விட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அப்பா விடவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவர், கப்பல்துறைப் பியர்ப் பக்கம் பாண் பேக்கரி வைத்திருந்த சிங்கள முதலாளியிடம் போய் எழுத்துப் படித்தார். பின்னேரச் செபம் முடிந்ததும் என் பக்கத்தில் குந்தி, என்னுடைய சிலேட்டை வாங்கி, அந்த வட்ட வட்ட எழுத்துகளை எழுதி எழுதி அழிப்பார். கார்த்திகையில் பரீட்சை. அதில் சித்தியடைந்து, மேலதிகாரியும் நல்லபடியாக ஒரு அறிக்கை எழுதினால் வேலை நிரந்தரம், பிறகு ஓய்வூதியம். அம்மா அதற்கென்று மடுமாதாவுக்கு நேர்த்தி வைத்திருந்தா.

அந்த வருடம் சோளகக் காற்று கடுமையாக அடித்து, தீடையின் மேற்கு முனையைக் கடல் தின்றுவிட்டது. ஆலாக்கள் வந்தன, பார்த்தன, இடம் இல்லை. எல்லாமாகக் கிழக்கு முனைக்கு வந்து சிலுவையைச் சுற்றி முட்டையிட்டன. அப்பா கயிற்றைப் பிடுங்கி, சிலுவையையும் உள்ளே விட்டுக் கட்டினார். பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.

எங்கள் கோயில் திருநாள் ஆடிக் கடைசியில் வரும். முன்னொரு காலத்தில் புயலில் அகப்பட்ட எங்கள் ஊர் வள்ளங்கள் எல்லாம் அந்தத் தீடையில் ஏறித்தான் தப்பினவாம். அதற்கு நன்றியாக நட்டதுதான் அந்தச் சிலுவை. திருநாள் பூசை முடிந்ததும் எங்கள் பாதுகாவலரான அர்ச்சிட்டவரின் சுரூபத்தை வள்ளத்தில் ஏற்றி, கடலில் சுற்றுப்பிரகாரம் போய், தீடையில் இறங்கி, சிலுவைக்கு மாலை போட்டுச் செபமாலை சொல்லித் திரும்புவார்கள். அது ஒரு வருடமும் தவறியதில்லை. அந்த வருடம் சம்மாட்டியாருக்கு வேறு நேர்த்தி இருந்தது. நெருப்புக்காய்ச்சலில் கிடந்து பிழைத்த மகனுக்காகச் சிலுவையடியில் இறங்கி முழந்தாளில் நிற்பதாக அவர் நேர்ந்திருந்தார்.

அவர் எங்கள் வீட்டுக்கே வந்து கேட்டார். வந்ததே பெரிய காரியம் என்று அம்மா கதிரையைத் துடைத்துப் போட்டா.

"வாச்சர், ஒருநாள் காரியம். குருவிக்காக அர்ச்சிட்டவரைக் கடலுக்கை நிப்பாட்டப் போறியோ?"

"நான் நிப்பாட்ட ஆர் அண்ணை?" என்றார் அப்பா. "விடியமுந்தி வாங்கோ. பத்துப் பேர் இறங்கி மாலையைப் போட்டிட்டு உடனை வந்திடலாம். இல்லாட்டில் குஞ்சு பறக்கும் வரைக்கும் ஒரு மாதம் பொறுங்கோ. உச்சி நேரத்திலை ஊரே இறங்கினால் ஒண்டும் மிஞ்சாது."

"திருநாள் ஒரு மாதம் பொறுக்குமோ?"

கடைசியில் பங்குச் சுவாமி சமாதானம் பண்ணி வைத்தார். அப்பா மன்னாருக்குப் போய்க் கந்தோரில் கேட்கட்டும், கந்தோர் என்ன சொல்கிறதோ அதற்கு எல்லோரும் கட்டுப்படுவோம் என்று. சம்மாட்டியாரும் ஓம் என்றார். ஊர் அதை ஒப்புக்கொண்டது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை.

எனக்கு அந்தத் திருநாளில் சம்மனசு வேசம், தேவதூதர் வேசம். வெள்ளைச் சட்டை, மட்டையில் வெட்டி வெள்ளிக் கடதாசி ஒட்டி முதுகில் கட்டுகிற செட்டை, தலையில் ஒரு கிரீடம். வள்ளத்தின் முன்னணியத்தில் நின்றுபோய், தீடையில் இறங்கி, சிலுவைக்கு மாலையைப் போடுகிறவள் நான்தான். அந்த இடம் சம்மாட்டியாரின் மகளுக்குக் கிடைக்கவேண்டியது. அவளுக்கு அம்மாள் நோய் வந்து தேறி முகமெல்லாம் தழும்பாய் இருந்ததால் எனக்கு வந்தது. அவள் என்னிடம் சொன்னாள்: "கொப்பர் திருநாளைக் கெடுத்தாரெண்டால் உன்னோடை ஒருத்தரும் கதைக்கமாட்டினம். நானும் கதைக்கமாட்டன்." நான் இரவு படுத்துக்கொண்டு அதையே நினைத்தேன். ஆலாக்களைப் பற்றி ஒருகணமும் நினைக்கவில்லை.

அப்பா வெள்ளிக்கிழமை ரயில் கோச்சியில் மன்னாருக்குப் போனார். சனி பின்னேரம் கடிதத்தோடு வந்தார். குளிர்காய்ச்சலோடும் வந்தார். பல்லுக் கிட்டக் கிட்ட, சாக்கைப் போர்த்திக்கொண்டு விளக்கடியில் இருந்து, அந்தக் கடிதத்தை எங்களுக்கு வாசித்துக் காட்டினார். முழுக்கச் சிங்களம். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாய்க் கூட்டி வாசித்தார். வாசித்து முடித்துத் தமிழில் சொன்னார்: குஞ்சுகள் பறக்கும்வரை தீடையில் ஒருவரும் இறங்கக்கூடாது, வள்ளங்கள் எட்டத்தால் சுற்றிப்போகலாம்.

"பாத்தியே பிள்ளை, ஒருத்தரிட்டையும் கேக்காமல் வாசிச்சுப்போட்டன்," என்றார். காய்ச்சல் கண்களோடு சிரித்தார். அவ்வளவு சந்தோசமாக அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்தும் என் நெஞ்சில் இருந்தது நாளைக்குச் சிலுவைக்கு மாலை போடமுடியாதே என்ற ஒன்றுதான்.

ஞாயிறு விடிய அப்பாவால் எழும்ப முடியவில்லை. என்னைக் கூப்பிட்டுக் கடிதத்தைத் தந்தார்.

"இதைச் சுவாமியின்ரை கையிலை குடு. இறங்கக் கூடாதாம், வள்ளத்திலை நிண்டே செபத்தைச் சொல்லட்டாம் எண்டு அப்பா சொன்னவர் எண்டு சொல்லு. என்ன சொல்லுவாய்?"

நான் திருப்பிச் சொன்னேன். ஒரு சொல் பிழைக்காமல் சொன்னேன். அம்மாவும் கேட்டுக்கொண்டு நின்றா.

சுவாமி குடியிருந்த அறைவீட்டு விறாந்தையில் அவர், சம்மாட்டியார், கோயில் மூப்பர் என்று மூன்று பேரும் காத்துக்கொண்டிருந்தார்கள். சுவாமி கடிதத்தை வாங்கி விரித்துப் பார்த்தார். இலத்தீனும் ஆங்கிலமும் தெரிந்த மனிதர்.

"சிங்களத்திலை கிடக்கு. கொப்பர் வாசிச்சவரோ?"

"ஓம் சுவாமி. வாசிச்சவர்."

"என்னவாம் பிள்ளை?" என்றார் சம்மாட்டியார். அவ்வளவு பெரிய ஆள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இறங்கலாமாம்," என்றேன்.

சொன்ன பிறகு திரும்ப எடுக்க நேரம் இருந்தது. சுவாமி இன்னும் கடிதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "முழுக்கவோ? எல்லாருமோ?" என்று இன்னொருமுறை கேட்டார். "ஓம், எல்லாரும். கவனமா நடக்கட்டாம்," என்று நானே ஒன்றைச் சேர்த்தும் சொன்னேன். பத்து வயதில் அந்தப் புத்தி எங்கிருந்து வந்ததோ தெரியாது. சம்மாட்டியார் என்னை அப்படியே தூக்கிவிட்டார். "கொப்பர் தங்கமான மனிசன். நாங்கள்தான் பிழையா நினைச்சுப்போட்டம்," என்றார். என் அப்பாவை ஊரில் ஒரு பெரிய மனிதர் புகழ்ந்து நான் கேட்டது அதுதான் முதல்தரம். எனக்கு இனித்தது.

மூன்று பெரிய மனிதர்கள் ஒரு அரசாங்கக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சின்னப் பெட்டையின் சொல்லை நம்பினார்களே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டிருக்கிறேன். எங்கள் வீடு கூப்பிடு தொலைவில்தான் இருந்தது. ஒருவராவது நடந்துபோய் அப்பாவைக் கேட்டிருக்கலாம். கேட்டால் வேறு பதில் வந்துவிடுமோ என்று அவர்களுக்கும் ஒரு பயம் இருந்திருக்கும். இப்படிச் சொல்லி என் பங்கைக் குறைக்கப் பார்க்கிறேன் என்பதும் எனக்குத் தெரிகிறது.

வீட்டுக்குப் போனேன். குடுத்தியோ என்று அம்மா கேட்டா. குடுத்திட்டன் என்றேன். அப்பா நித்திரை. அம்மா அவரை விட்டு வரமுடியாது என்று எனக்குச் செட்டையைக் கட்டி அனுப்பிவிட்டா.

பூசை முடிந்து வள்ளங்கள் வெளிக்கிடப் பத்து மணி தாண்டிவிட்டது. தீடையை அடைந்தபோது வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. இறங்கும்போது சம்மாட்டியார் எல்லோருக்கும் சொன்னார், ஒரு முட்டையும் மிதிபடக்கூடாது என்று. இரண்டு இளந்தாரிகள் முன்னால் போய் முட்டை இல்லாத இடமாய்ப் பார்த்துப் பனையோலை போட்டு வழி காட்டினார்கள். அப்பாவின் கயிற்றை அறுக்கவில்லை. மெல்ல உயர்த்திப் பிடித்து, ஒவ்வொருவராகக் குனிந்து உள்ளே போனோம். கிழவிகள்கூடச் சேலையைத் தூக்கிப் பிடித்து விரலூன்றி நடந்தார்கள். ஒருவரும் ஒரு முட்டையும் மிதிக்கவில்லை. அவ்வளவு பக்குவம்.

ஆலாக்கள் எல்லாம் ஒரேயடியாய் எழும்பின. அந்தச் சத்தத்தில் மூப்பர் தொடங்கிய பாட்டு எனக்குக் கேட்கவில்லை. தலைக்கு மேலே வெள்ளையாய்ச் சுழன்றன. சில முட்டைக்கு ஈரம் கொண்டுவரக் கடலுக்குப் போய் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து, இறங்க இடம் தேடி, மனிதத் தலைகளைக் கண்டு திரும்ப எழும்பின. மணல் காலைச் சுட்டது. நான் மாலையைப் போட்டேன். சம்மாட்டியார் முழந்தாளில் நின்று அழுதார். செபமாலை தொடங்கியது.

செபமாலையில் இரண்டாம் பத்தான காரணிக்கம் சொல்லும்போதுதான் அது நடந்தது. பொரித்துச் சில நாளேயான குஞ்சுகள், மணல் நிறத்தில், தள்ளாடித் தள்ளாடி ஓடிவந்தன. ஒன்று, இரண்டு, பிறகு பத்து இருபதாய். சுரூபத்துக்கு மேலே நாலு பேர் பிடித்திருந்த பட்டுக் குடைக்குக் கீழே வந்து, பாதுகாவலரின் காலடியில் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்தன. ஒருத்தி அழத் தொடங்கினாள். "பாருங்கோ, அர்ச்சிட்டவரிட்டை வந்திருக்குதுகள்," என்றாள். செபம் நின்றுவிட்டது. எல்லோரும் முழந்தாளில் விழுந்தார்கள். சுவாமியின் கண்ணிலும் நீர் வந்தது. புதுமை, அற்புதம் என்று சனம் சொல்லிக்கொண்டது. அதனால் இன்னொரு முழுச் செபமாலை சொன்னோம். பிறகு பிரார்த்தனை. பிறகு பாட்டு. போக ஒருவருக்கும் மனம் வரவில்லை.

ஒரு குஞ்சு என் சட்டை விளிம்புக்குக் கீழே வந்து நின்றது. வாய் திறந்தபடி இருந்தது. நான் ஒரு அடி நகர்ந்தால் அதுவும் என் நிழலுக்குள் நகர்ந்து வந்தது. அப்பா அப்புக்காத்தரின் மனைவிக்குச் சொன்னது எனக்கு நினைவு வந்தது. அங்கே நின்ற நூறு பேரில் அது நிழலுக்கு வந்த குஞ்சு என்று தெரிந்த ஒரே ஆள் நான். நான் வாயைத் திறக்கவில்லை. செட்டையை விரித்து நின்றேன்.

திரும்பும்போது சுரூபத்தைத் தூக்கினார்கள், குடையும் கூடப் போனது.

அப்பா பின்னேரம் காய்ச்சல் விட்டு எழும்பி, கரைக்கு வந்து, தீடைக்கு மேலே வானத்தைப் பார்த்திருக்கிறார். பறவைகள் இறங்காமல் நிற்பதைக் கண்டதும் யாருடையதோ வத்தையைத் தள்ளிக்கொண்டு தனியே போனார். பொழுதுபட வந்தார். வாசலில் குந்தினார். அம்மா சுடுதண்ணீர் கொடுத்தா, குடிக்கவில்லை. என்ன நடந்தது என்று யாரையும் கேட்கவில்லை. என்னையும் கேட்கவில்லை. நான் இன்னும் சம்மனசுச் சட்டையோடுதான் நின்றேன். அடுத்த நாளிலிருந்து காகமும் கடற்காகமும் தீடையில் இறங்கி மிச்சத்தை முடித்தன. ஆலாக்கள் ஒரு கிழமைக்குள் இடத்தை விட்டுப் போய்விட்டன.

அடுத்து வந்த சனிக்கிழமை நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பொய் சொன்னன் சுவாமி என்றேன். எத்தனை தரம் என்றார். ஒரு தரம் என்றேன். வேறை என்றார். அம்மாவுக்குக் கீழ்ப்படியேல்லை, தம்பிக்கு அடிச்சனான் என்று அடுக்கினேன். பரிகாரமாக மூன்று அருள் நிறைந்த மந்திரம் தந்தார். சொல்லிவிட்டு வெளியே வந்தபோது உடம்பு இலேசாய் இருந்தது. அந்த இலேசை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆக அருவருப்பு.

கந்தோரிலிருந்து பெரியவர் ஒருவர் ஜீப்பில் விசாரணைக்கு வந்தார். கூட ஒரு மொழிபெயர்க்கிற கிளாக்கர். அறைவீட்டு விறாந்தையில் ஊரே கூடியது. சுவாமி கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். கிளாக்கர் வாசித்துத் தமிழில் சொன்னார். சம்மாட்டியாரின் முகம் கறுத்தது. அனுமதி கிடைத்தது என்று உங்களுக்கு யார் சொன்னது என்று பெரியவர் கேட்டார்.

சுவாமி மெல்லத் திரும்பினார். சம்மாட்டியார் திரும்பினார். மூப்பர் திரும்பினார். நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றேன்.

"நான்தான் ஐயா சொல்லியனுப்பினனான்," என்றார் அப்பா. "இறங்கலாமெண்டு போட்டிருக்கெண்டு நினைச்சன். பிள்ளை நான் சொன்னதைத்தான் போய்ச் சொன்னது."

பெரியவர் அவரை ஏறஇறங்கப் பார்த்தார். பையிலிருந்து வேறொரு கடதாசியை எடுத்து நீட்டினார். இதை வாசி என்றார் கிளாக்கர்.

அப்பா அதைக் கையில் வாங்கினார். பெரிய எழுத்தில் அச்சடித்த ஏதோ அறிவித்தல். அதில் பாதி எழுத்துகள் எனக்கே தெரியும், என்னுடைய சிலேட்டில் எழுதிப் படித்தவைதானே. அப்பாவின் கண் முதல் வரியில் ஓடியது, நான் பார்த்தேன். உதடும் அசைந்தது. பிறகு கடதாசியைத் திருப்பிக் கொடுத்தார்.

"வாசிக்கத் தெரியேல்லை ஐயா."

பின்னால் நின்ற இளந்தாரிகள் சிலர் சிரித்தார்கள். பாண் பேக்கரி முதலாளியும் கூட்டத்தில் நின்றார். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பா அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். முதலாளி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அம்மா என் தோளைப் பிடித்திருந்தா. நகம் தோலுக்குள் இறங்கியது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அன்று மாலை வீட்டில் அம்மா சொன்னது ஒன்றே ஒன்று: "இதை நீ இனி ஒருத்தருக்கும் சொல்லாதை. சொன்னால் அவர் செய்ததும் வீணாப்போகும்." அதுதான் சரி என்று அம்மா நினைத்தா. நானும் வசதியாக அதையே பிடித்துக்கொண்டேன்.

அப்பாவின் வேலை போனது. பரீட்சை எழுதவில்லை. காக்கிக் காற்சட்டையைத் தோய்த்து மடித்து, விசிலையும் கொப்பியையும் வைத்துக் கந்தோருக்குத் திருப்பி அனுப்பினார். இலுப்பைக்கடவையில் மாமாவுக்கு வயல் இருந்தது. அங்கே காவலுக்குப் போனார். காவல் என்றால் கதிரில் விழும் குருவிகளைத் தகரத்தில் தட்டிக் கலைக்கிற வேலை. மாதத்தில் ஒருமுறை வீட்டுக்கு வருவார். கை எல்லாம் காய்த்திருக்கும். ஊரில் அவரை யாரும் ஏசவில்லை. ஏசாமல் பரிதாபப்பட்டார்கள், எழுத்தறியாத பாவம் என்று. சம்மாட்டியார் நெத்தலி கொடுத்து விடுவார். அவருடைய மகள் என்னோடு நன்றாகச் சேர்ந்தாள். நான் கேட்டது எல்லாம் எனக்குக் கிடைத்தது.

அப்பா அதற்குப் பிறகு நெடுங்காலம் இருந்தார். நான் படித்து, ஆசிரியையாகி, உங்களோடு சேர்ந்து முப்பது வருடம் கரும்பலகையில் உண்மை பேசு என்று எழுதிப்போட்ட காலமெல்லாம் இருந்தார். இடம்பெயர்ந்து மடுவில் இருந்தபோது ஒருநாள் அவருக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். அப்பா, அந்தக் கடிதம், என்று தொடங்கினேன். அவர் உடனே, "மழை வரும்போலை கிடக்கு, உடுப்பை எடு பிள்ளை," என்றார். வானத்தில் ஒரு முகிலும் இல்லை. நான் எழும்பிப்போய் உடுப்பை எடுத்தேன். பிறகு தொடங்கவில்லை.

இனி உங்களுக்கும் தெரிந்த கதை. போன ஆவணியில் சங்கத்துச் சுற்றுலா என்று நாம் ஒன்பது பேர் அனுமதிச்சீட்டு எடுத்துத் தீடைக்குப் போனோமே. எனக்கு வயிற்றுக் குத்து என்று முதலில் மறுத்தேன், நீங்கள்தான் இழுத்துக்கொண்டு போனீர்கள். நாலு மணிக்குப் பிறகுதான் படகு விட்டார்கள். ஆலாக்கள் வந்திருந்தன. கூட்டிக்கொண்டு போன உத்தியோகத்தர் முசலிப் பக்கத்துத் தம்பி, மரியாதையான பெடியன், வேலையில் உண்மையான ஆசை உள்ளவன். எங்களைக் குந்தவைத்து எல்லாம் விளங்கப்படுத்தினான். கடைசியாக ஒரு பகிடி சொன்னான்.

"முந்தி இஞ்சை ஒரு வாச்சர் இருந்தவராம். இறங்கக் கூடாதெண்டு கந்தோரிலையிருந்து கடிதம் வந்திருக்கு. மனிசனுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. இறங்கலாமாம் எண்டு ஊருக்கே சொல்லி, ஒரு நாளிலை எல்லாத்தையும் அழிச்சுப்போட்டார். அதாலைதான் நாங்கள் இப்ப மூண்டு மொழியிலையும் பலகை போட்டிருக்கிறம்."

நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். பகிடி நன்றாகத்தான் இருந்தது, உங்களில் பிழை இல்லை. நானும் சிரித்தேன். வெளியே கேட்கிற மாதிரியே சிரித்தேன். படகில் ஏறக் கை கொடுத்தபோது அந்தத் தம்பி என் முகத்தைப் பார்த்தான்.

"அம்மா, உங்கடை பேச்சைக் கேட்டால் இந்தப் பக்கத்து ஆள் மாதிரிக் கிடக்கு. அந்த வாச்சரை நீங்கள் கண்டிருக்கிறியளோ?"

"இல்லைத் தம்பி," என்றேன்.